அளவுகோலும் தூக்குமரமும்

புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்களுக்கு மரக்காணம் முதலில் ஒரு படமாகவே அறிமுகமாகிறது. கட்டம் கட்டமாக வெட்டிய பாத்திகள், அவற்றில் தேங்கிய நீரில் தெரியும் வானம், வரப்போரத்து வெள்ளைக் குவியல்கள், தலையில் கூடை சுமந்து வரிசையாக நடக்கும் பெண்கள் என்று அந்தப் படத்தின் அடக்கம் ஏறத்தாழ முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பெரும்பாலும் விடியலிலோ அந்தியிலோ, வெளிச்சத்துக்கு எதிராகவே அது எடுக்கப்படுவதால் பெண்களின் முகங்கள் இருளில் கரைந்து, உடல்கள் வெறும் கோட்டுருவங்களாக எஞ்சுகின்றன. உப்பு வாருபவரின் பாதத்து வெடிப்பும், நாள் முழுவதும் வெண்மையைப் பார்த்துக் கூசிப்போன கண்ணும், மழை தொடங்கியதும் கூலியற்றுப் போகும் மாதங்களும் இந்த ஒளியமைப்பில் இடம்பெற வாய்ப்பில்லை. எடுப்பவரின் கெட்ட எண்ணம் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தென்னிந்தியாவில் ஒளிப்படக் கருவி வேரூன்றிய காலத்திலிருந்தே உழைக்கும் உடலை இப்படி ஒரு மாதிரியாக, ஒரு வகையாக, பெயரற்ற சான்றாகக் காணும் பயிற்சி ஊட்டப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பயிற்சி உருவான விதத்தையும், அதைக் குலைக்க முயன்ற ஒரு சமகாலக் கலைஞரின் பணியையும், அந்தப் பணி எட்ட முடியாத இடத்தையும் இக்கடற்கரையில் நின்று பார்க்கும்போது சில விஷயங்கள் வேறு விதமாகப் புலப்படுகின்றன.

1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சியை நேரடியாக ஏற்றுக்கொண்ட பிரிட்டிஷ் அரசு, தான் ஆள்பவர்கள் யார் என்பதை அறிவதற்குக் கருவியாக ஒளிப்படத்தைக் கையில் எடுத்தது. ஜே. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற ஒளிப்பட நூல் அந்த முயற்சியின் முதற்பெரும் விளைவு. ஒவ்வொரு படமும் ஒரு சாதிக்கோ குலத்துக்கோ பிரதிநிதியாக நிறுத்தப்பட்டு, அதனருகே அக்குலத்தின் குணம் இன்னதென்று தீர்ப்பு எழுதப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், 1869இல், ஜே. எச். லாம்ப்ரே என்பவர் ஒரு மரச்சட்டத்தில் இரண்டு அங்குல இடைவெளியில் பட்டு நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அதன் முன் மனிதர்களை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்கும் முறையை முன்மொழிந்தார். இப்படி எடுத்தால் உலகின் எந்த மூலையில் எடுத்த உடலையும் வேறெந்த உடலோடும் கட்டம் எண்ணி ஒப்பிடலாம் என்பது அவர் வாதம். மானுட உடலளவையியல் என்று வழங்கப்படும் துறை, அதாவது மண்டையோடு, மூக்கு, கைகால் ஆகியவற்றின் அளவுகளிலிருந்து இனத்தையும் அதன் தரத்தையும் கணிக்கலாம் என்று நம்பிய துறை, இந்தக் கட்டங்களைத் தன் அடையாளமாகவே கொண்டது. அந்தமான் தீவுகளில் அதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன் 1890களில் அத்தீவுகளின் பழங்குடியினரை இதே நோக்கில் நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தார். சென்னை மாகாணத்தை உலுக்கிய 1876–78 பஞ்சத்தில் எலும்புருவாகிப் போனவர்களைக் குழுக்குழுவாக அமர்த்தி டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்த படங்களையும் இந்த வரிசையில் வைத்தே பார்க்க வேண்டும். பசியால் சாகிறவர்களையும் பார்வைக்கு இசைவாக அடுக்கி வைக்க முடியும் என்பதை அவை காட்டிவிட்டன.

தமிழகத்தில் இத்துறைக்கு நிலைக்களனாக அமைந்தது எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1885இல் அதன் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன் பல ஆண்டுகள் மாகாணம் முழுவதும் அளவுக் கருவிகளோடு அலைந்தார், கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலான 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இன்றும் சாதி வரலாறு எழுதுபவர்கள் கைநீட்டி எடுக்கும் முதல் நூலாக இருக்கிறது. மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்துப் பெறும் விகிதம் சாதிப் படிநிலையைக் காட்டும் என்று வங்கத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி முன்வைத்த கருத்துக்குத் தென்னிந்தியச் சான்று தேடுவதில் தொடங்கிய தர்ஸ்டன், போகப்போக அதன் முடிவுகளில் ஐயம் கொண்டாலும் அளப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அன்று மரக்காணத்தை உள்ளடக்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்து இருளர் பழங்குடியினரும் அவருடைய இரண்டாம் தொகுதியில் நீலகிரி இருளர்களுக்கு அடுத்தபடியாக இடம்பெறுகிறார்கள்.

அளக்கப்பட்டவர்கள் அந்த அளவீட்டை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைத் தர்ஸ்டனே, நகைச்சுவைத் துணுக்குகளாகக் கருதி, தம் நூலின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் பழங்குடிப் பெண்கள் தங்களில் சிறந்த சிலரைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சி ஓடினார்களாம். எப்போதோ நடந்த ஒரு சிறு குற்றத்துக்காகக் காவல்துறையால் தேடப்பட்டுவந்த நீலகிரி இருளர் ஒருவர், அளவு கொடுக்க வந்த இடத்தில், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று கருதி அதனடியில் நிற்க மறுத்துவிட்டாராம். அறியாமையின் வேடிக்கையாகச் சொல்லப்பட்ட இந்த இரண்டு செய்திகளையும் இன்று படிப்பவர் அவற்றில் அறியாமையைத் தேடிக் களைத்துப்போவார். எழும்பூரின் மானுடவியல் கூடங்களில் பழங்குடிகளின் உருவங்களும் உடைமைகளும் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டன. அதே தர்ஸ்டன் குற்றவாளிகளை அடையாளம் காணும் கலையாக உடலளவையியலைக் காவல் அதிகாரிகளுக்குக் கற்பித்தார். 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பழங்குடிகள் சட்டத்தின் கீழ் முழுச் சமூகங்களும் பிறப்பிலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டன. அந்த இருளர் கம்பத்தைப் பிழையாக அடையாளம் கண்டார் என்று வாதிடுவது கடினம். விஞ்ஞானி தன் கருவியை அறிந்திருந்ததைவிட அளக்க அழைக்கப்பட்டவர் அதைக் கூடுதலாக அறிந்திருந்தார் என்பதே பொருத்தம்.

காவல்நிலையப் படமும் மானுடவியல் படமும் ஒரே தொழிற்கூடத்தில் செய்யப்பட்டவை என்னும் இந்த உண்மையைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தவர்களுள் முதன்மையானவர் புஷ்பமாலா. 1956இல் பெங்களூரில் பிறந்து, பரோடா பல்கலைக்கழகத்தில் சிற்பம் பயின்று, சுடுமண் உருவங்களால் பெயர்பெற்ற இவர், 1990களின் நடுவில் சிற்பத்தைக் கைவிட்டு ஒளிப்பட நிகழ்த்துகை என்று சொல்லத்தக்க ஒரு வடிவத்துக்கு வந்தார். கலைஞர் தாமே வேடமிட்டு, அரங்கம் அமைத்து, ஏற்கெனவே மக்கள் மனத்தில் பதிந்த ஒரு படத்தை மீண்டும் நிகழ்த்தி அதைப் படமெடுக்கச் செய்யும் வடிவம் அது. பம்பாய்த் திரைப்படங்களின் சாகச நாயகியாக வேடமிட்ட தொடர்களுக்குப் பிறகு, 2000 முதல் 2004 வரை, பெங்களூரில் வாழும் பிரிட்டிஷ் ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா: மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ்' என்ற பெருந்தொடர், தலைப்பிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு இனவரைவியல் நூல்களின் மொழியை அப்படியே எடுத்து அணிந்துகொள்கிறது.

இத்தொடரின் மையம் பத்துப் பெரிய வண்ணப் படங்கள். ஒன்றில் ரவிவர்மாவின் நிலவொளிப் பெண்ணாக அமர்ந்திருக்கும் அதே உடல், இன்னொன்றில் நாட்காட்டி லட்சுமியாகத் தாமரைமேல் நிற்கிறது. பிறிதொன்றில் வேளாங்கண்ணி மாதாவாகப் பட்டாடையும் முடியும் தரிக்கிறது. வேறொன்றில் பிஜப்பூர் ஓவியத்து யோகினியாகிறது. ஜெயலலிதா நடித்த ஒரு தமிழ்த் திரைப்படத்தின் நிழற்படத்தைப் பின்பற்றிச் சவுக்கைச் சொடுக்குகிறது. நகை பறித்ததாகக் கைதான இரு பெண்களைப் பற்றிச் செய்தித்தாளில் வந்த காவல்துறைப் படத்தை நகலெடுத்துத் தலைகுனிந்து நிற்கிறது. நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் பெயரால் 'தோடா' என்று பெயரிட்ட படத்தில், போர்ட்மன் வகைப் படங்களின் முறையில், கட்டம்போட்ட பின்திரையின் முன் பக்கவாட்டில் முகம் திருப்பி அளவுக் கருவிக்கு ஒப்புக்கொடுக்கிறது. இத்தொடர் உருவான ஆண்டுகளின் பெரும்பகுதியில் ஜெயலலிதா தமிழகத்தின் முதலமைச்சராக இருந்தார் என்பதை நினைவில் கொண்டால், அப்படத்தின் துடுக்கு எத்தகையது என்று விளங்கும்.

பத்தையும் தனித்தனியே பார்ப்பவருக்கு இவை திறமையான வேடங்கள் என்ற எண்ணமே ஏற்படலாம். மாறுவேடப் போட்டியில் காணக்கூடிய உற்சாகம் அவற்றில் இருப்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றோடு இணைத்து வைக்கப்பட்ட 'இனவரைவியல் தொடர்' என்ற பழுப்பு நிறச் சிறு படங்களின் வரிசைதான் முழு முயற்சியின் முதுகெலும்பு. அதில் லட்சுமியும் மாதாவும் யோகினியும் திரைநாயகியும், தோடாப் பெண்ணும் திருடியும் நின்ற அதே கட்டத்திரையின் முன்பு, அதே அளவுக் கருவிகளோடு, வகைமாதிரிகளாகப் படமெடுக்கப்பட்டிருக்கிறார்கள். தெய்வத்தின் மூக்கையும் அளக்கலாம், முதலமைச்சரின் மண்டையோட்டையும் அளக்கலாம் என்றாகும்போது அளவுகோல் தன் மதிப்பை இழக்கிறது. காலனிய ஒளிப்படத்தின் அதிகாரம், யாரை அளக்கலாம், யாரை அளக்கக் கூடாது என்ற தேர்வில் தங்கியிருந்தது. அதிகாரிகளின் மனைவியரோ ஜமீன்தார்களோ பட்டுநூல் சட்டத்தின் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டதில்லை, அவர்களுக்கு ஓவியத் திரையும் பூச்சாடியும் உள்ள ஸ்டூடியோ காத்திருந்தது. இந்தத் தேர்வை நீக்கி எல்லோரையும் ஒரே திரையின் முன் நிறுத்தியதன் மூலம், அதுவரை பின்னணியாக மட்டும் இருந்த கட்டத்தைப் புஷ்பமாலா படத்தின் கருப்பொருளாக மாற்றினார். வெள்ளையர் ஒருவர் கருவிக்குப் பின்னாலும் கறுத்தவர் ஒருவர் முன்னாலும் நிற்கும் பழைய ஏற்பாட்டை ஆர்னியோடு சேர்ந்து வேண்டுமென்றே திரும்ப நடத்தி, முன்னால் நிற்பவரே இயக்குநராகவும் இருக்கும்படி செய்ததும், திரைக்குப் பின்னால் நடந்த ஒப்பனையையும் ஒளியமைப்பையும் தனித் தொடராகவே காட்சிக்கு வைத்ததும் இதே நோக்கத்தின் பகுதிகள்.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2014இல் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பியென்னாலேவில் அவர் வைத்த 'வாஸ்கோ ட காமாவின் வருகை' இதே கேள்வியை வரலாற்று ஓவியத்தின் பக்கம் திருப்பியது. காமாவின் பயணத்துக்கு நானூறு ஆண்டு நிறைவையொட்டிப் போர்ச்சுகீசிய ஓவியர் ஜொஸே வெலோசோ சல்காடோ 1898இல் வரைந்த படம், கோழிக்கோட்டு அரசர் சாமூதிரியின் அவையில் நிமிர்ந்து நிற்கும் நாயகனாகக் காமாவைக் காட்டுகிறது. அந்த நாயகனாகப் புஷ்பமாலாவே தாடி ஒட்டிக்கொண்டு நின்றார். அடக்கப்பட்டவரின் வேடம் போடும் கலைஞர் அடக்கியவரின் வேடத்தையும் போடக் கற்றுக்கொண்டபோது அவர் கலை ஒரு படி வளர்ந்தது என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த வேடத்தில் எவருடைய இடத்தையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ளல் என்ற இந்தக் குற்றச்சாட்டுத்தான் 'தோடா' படத்தைச் சூழ்ந்து நிற்கிறது. பெருநகரத்துப் படித்த வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு கலைஞர் பழங்குடிப் பெண்ணாக வேடமிடும்போது, படம் எடுப்பவரின் அதிகாரத்தைக் கேலி செய்கிறார் என்பது உண்மையாயினும், படத்தில் இருந்த பெண் இரண்டாம் முறையும் பெயரின்றியே போகிறாள். முதல் முறை அவள் உடல் சான்றாகப் பயன்பட்டது; இம்முறை அவள் உடலும் தேவைப்படவில்லை. தொடரின் தர்க்கத்துக்குள் இதற்கு விடை உண்டு: புஷ்பமாலா தோடராக நடிக்கவில்லை, ஒரு படமாக நடிக்கிறார், அவருடைய பாத்திரங்கள் மனிதர்களின் நகல்கள் அல்ல, நகல்களின் நகல்கள். அறிவுக்கு இந்த விடை போதுமானது. நீலகிரியிலோ மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரியோரத்துக் குடியிருப்பிலோ இருக்கும் ஒருவருக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை எதிர்கொள்ள ஆஸ்திரேலியாவின் தொல்குடிக் கலைஞர்களின் பாதை உதவுகிறது. பட்ஜாலா மக்களைச் சேர்ந்த ஃபியோனா ஃபோலி, 1964இல் குயின்ஸ்லாந்தில் பிறந்து, 1987இல் சிட்னியில் வேறு ஒன்பது தொல்குடிக் கலைஞர்களோடு சேர்ந்து பூமல்லி என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கியவர். 1994இல் அவர் எடுத்த 'பட்ஜாலா பெண்' என்ற தொடர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எடுக்கப்பட்டு ஆவணக் காப்பகத்தில் பெயரின்றிக் கிடந்த ஒரு பட்ஜாலாப் பெண்ணின் படத்தைப் பின்பற்றி, அதே போல மேலாடையின்றி, மணிமாலைகளும் கைப்பின்னல் பையும் அணிந்து அவரே நின்று எடுத்தவை. உத்தி புஷ்பமாலாவுடையதுதான், ஆண்டு மட்டும் முந்தியது. ஆனால் ஃபோலி கேலி செய்யவில்லை. காப்பகத்துப் பெண் தம் முன்னோர் குடியைச் சேர்ந்தவள் என்பதால் அவருடைய உடல் அங்கே வேடமாக இல்லாமல் உறவுமுறையாக நிற்கிறது. பழைய படத்தில் தாழ்ந்திருந்த பார்வைக்கு ஈடாகப் புதிய படத்தின் இறுக்கம் ஏதோ கணக்குக் கேட்கிறது. பின்னாளில், 2004இல், பிரிஸ்பேன் நீதிமன்ற வளாகத்தில் 'மௌனத்துக்குச் சாட்சி' என்ற பொதுக்கலைப் பணியை அவர் அமைத்தபோது, அதில் பொறித்த 94 இடப்பெயர்கள் தீயும் வெள்ளமும் தாக்கிய ஊர்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லிவைத்து, பணி முடிந்த பிறகே அவை தொல்குடிகள் கொன்று குவிக்கப்பட்ட இடங்கள் என்று வெளிப்படுத்தினார். நீதிமன்ற வாசலிலேயே நீதிமன்றத்தை ஏமாற்றிய இச்செயலில் உள்ள துணிவு, எந்தப் பகடியிலும் கிடைக்காதது.

மரக்காணம் கடற்கரைக்கு இன்னும் ஒரு ஃபோலி வரவில்லை. வன்னியரும் தலித்துகளும் மீனவரும் இருளரும் அடுத்தடுத்து வாழும் இப்பகுதியில், உப்பங்கழிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்களாகவும், வயலில் எலி பிடிப்பவர்களாகவும், செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் முன்பணத்தின் கட்டில் போகிறவர்களாகவும் இருளர்கள் எண்ணப்படுகிறார்கள். எண்ணுபவர்கள் வேறு யாரோ. மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரையில் பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் கூடி, மணலில் குடில் கட்டித் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, திருமணங்களும் காதுகுத்தும் நடத்தும்போது, அவர்களைச் சுற்றி விடியற்காலையில் கருவிகளோடு நிற்கும் கூட்டம் ஆண்டுதோறும் பெருகிவருகிறது. அங்கிருந்து வெளியாகும் படங்களின் தலைப்புகளில் குலப்பெயர் இருக்கும், ஆட்பெயர் அரிதாகவே இருக்கும். இதற்கு மாறாக, மலக்குழி மரணங்களைப் பல ஆண்டுகள் பதிவு செய்த எம். பழனிக்குமார் போன்றவர்கள், தூய்மைப் பணியாளர், மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளின் கையிலேயே ஒளிப்படக் கருவியைக் கொடுத்துப் பயிற்றுவிக்கத் தொடங்கியிருப்பது, அருங்காட்சியகச் சுவர்களில் நடக்கும் பகடியைவிட மெதுவானதும் அடிப்படையானதுமான ஒரு வேலை.

அந்த வேலை பயன் தரும்வரை, காலனியப் பார்வைக்கு எதிரான போராட்டம் இங்கே கலைக்கூடத்தில் நடைபெறாமல் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நடைபெறுகிறது. பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் தமிழகத்தில் அந்த அலுவலருக்கே உண்டு. மத்திய அரசின் பட்டியலில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒன்றாக இருக்கும் இருளர்கள் அச்சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். திண்டிவனத்தைத் தளமாகக் கொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் பணியில், பொய்வழக்குகளை எதிர்ப்பதற்கு இணையான பங்கைச் சான்றிதழ் பெற்றுத்தரும் வேலை பெற்றிருப்பது தற்செயலன்று. குற்றவாளி, பழங்குடி என்ற இரு முத்திரைகளுள் முதலாவது கேட்காமலே வந்து விழுகிறது, இரண்டாவது கேட்டாலும் கிடைப்பதில்லை.

அச்சான்றிதழுக்குப் பின்னுள்ள அளவைகளும் புதியவை அல்ல. எவர் பழங்குடி என்று முடிவு செய்ய 1965ஆம் ஆண்டின் லோகூர் குழு பரிந்துரைத்த அடையாளங்களில் தொன்மைக் குணம், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், வெளியாரைக் கண்டு கூச்சம், பின்தங்கிய நிலை ஆகியவை அடங்கும். வெளியாரைக் கண்டு ஓடிய பணியர் பெண்கள் இந்தத் தேர்வில் எளிதாகத் தேறியிருப்பார்கள். சான்றிதழில் ஐயம் எழும்போது, 1994இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நடைமுறைப்படி, விண்ணப்பதாரரின் மானுடவியல் பண்புகள், தெய்வங்கள், சடங்குகள், திருமண முறை, ஈமச்சடங்கு ஆகியவற்றை ஒரு விழிப்புக் குழு விசாரித்து, அவர் அக்குலத்தோடு ஒத்திருக்கிறாரா என்று பார்க்கிறது. பள்ளிக்குப் போய், நகரத்தில் தங்கி, பாம்பு பிடிக்கத் தெரியாமல் வளர்ந்த ஓர் இருளர் இளைஞர், நூறாண்டுக்கு முன் எழுதப்பட்ட வருணனைக்குத் தாம் பொருந்துவதாக மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் இப்படி உருவாகிறது. புஷ்பமாலா விரும்பி ஏற்ற வேடத்தை இவர் விதியால் ஏற்க வேண்டியிருக்கிறது, அதுவும் சிரிக்காமல்.

2023 மார்ச்சில் மகாராஷ்டிரத்துத் தாக்கூர் பழங்குடியினர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த ஒப்புமைச் சோதனை உரைகல் ஆகாது, இடப்பெயர்வாலும் கல்வியாலும் பழக்கங்கள் மாறக்கூடும் என்று தெளிவாக்கியது ஒரு முக்கியமான திருப்பம். அதற்கு மேலான மதிப்பை நீதிமன்றங்கள் அளிப்பது பழைய ஆவணங்களுக்கு, குறிப்பாக அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருமுன் எழுதப்பட்ட பள்ளிப் பதிவு, நிலப் பதிவு போன்றவற்றுக்கு. பட்டாவும் பள்ளிக்கூடமும் எட்டாமல் வாழ்ந்த இக்கடற்கரை இருளர்களுக்கு 1950க்கு முந்திய அத்தகைய தாள் ஏதும் வீட்டில் இருப்பதில்லை. அவர்கள் குலத்தின் பெயர் அச்சேறிய அக்காலத்துத் தாள்கள் என்று தேடினால் கிடைப்பவற்றில் முதன்மையானது தர்ஸ்டனின் இரண்டாம் தொகுதி.